‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதாதீர்கள்

“வணக்கம். நேற்று அப்டேட் செய்தேன். இப்போது வேலை செய்யவில்லை. மிகவும் அவசரம். உடனே உதவவும்.”

யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமை தரும் கட்டற்ற மென்பொருள்களில் சிக்கல் என்று வருபவர்களுக்குப் பல வருடங்களாகப் பதில் எழுதி வருகிறேன். இந்த மாதிரி கடிதம் வாரத்துக்கு ஒன்றாவது வந்துவிடும். எழுதியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. காலைக்குள் முடிக்க வேண்டிய வேலை பாதியில் நிற்கிறது, அந்தப் பதற்றத்தில் எழுதுகிறார். ஆனால் இதைப் படித்துவிட்டு என்னால் ஒன்றுமே செய்ய முடியாது. எதை அப்டேட் செய்தார்? எது வேலை செய்யவில்லை? திறக்கவே மாட்டேன் என்கிறதா, திறந்ததும் மூடிக்கொள்கிறதா, திறந்தபின் அசையாமல் நிற்கிறதா? மூன்றுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு.

உதவ வருபவர் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. உங்கள் திரை அவருக்குத் தெரியாது. நீங்கள் எழுதும் நாலு வரிதான் அவருக்குக் கண். உதவி கேட்பதில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை.

அதே ஆள் இப்படி எழுதியிருந்தால் எப்படி இருக்கும் என்று பாருங்கள்:

“உபுண்டு 24.04, லிப்ரெஆபிஸ் ரைட்டர் 24.2. ஒரு வேர்டு கோப்பைத் திறந்து பிடிஎஃப் ஆக மாற்றினால், மூன்றாம் பக்கத்து அட்டவணையில் கடைசி வரிசை மட்டும் விடுபடுகிறது. ரைட்டரில் பார்க்கும்போது அந்த வரிசை இருக்கிறது. அட்டவணையை வெட்டிப் புதிய கோப்பில் ஒட்டி மாற்றினால் சரியாக வருகிறது. நேற்று அப்டேட் செய்வதற்கு முன் இந்தச் சிக்கல் இல்லை.”

இதை எழுத ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். என்ன செய்தார், என்ன எதிர்பார்த்தார், என்ன நடந்தது, மூன்றும் இதில் இருக்கின்றன. எனக்கு இதில் மிகவும் பிடித்தது, புதிய கோப்பில் ஒட்டிப் பார்த்தேன் என்கிற வரி. அந்த ஒரு சோதனை தேடும் இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது. மென்பொருள் எல்லா அட்டவணைகளிலும் தடுமாறவில்லை, இந்தக் கோப்பின் பக்க அமைப்பிலோ அட்டவணை அமைப்பிலோ ஏதோ இருக்கிறது என்று அங்கிருந்தே தொடங்கலாம். ஒருமுறை பதில் போட்டாலே விஷயம் முடிந்துவிடக்கூடும். முதல் கடிதம் என்றால், விவரம் கேட்டுக் கேட்டு வாங்குவதற்கே இரண்டு நாள் போய்விடும்.

பதிப்பு எண்ணை விட்டுவிடுவது இதோடு ஒட்டிய தவறு. ‘லேட்டஸ்ட் வெர்ஷன்’ என்று எழுதினால் போதாது. உங்கள் கணினிக்கு லேட்டஸ்ட்டாக இருப்பது, வேறொரு லினக்ஸ் வழங்கலில் (உபுண்டு போன்ற இயங்குதளத் தொகுப்பில்) ஒரு வருடம் பழையதாக இருக்கலாம். பெரும்பாலான மென்பொருள்களில் உதவி மெனுவின் கடைசியில் ‘அறிமுகம்’ (About) என்று இருக்கும், அதைத் திறந்தால் எண் கிடைத்துவிடும். பயர்பாக்ஸில் இன்னும் வசதி. சிக்கல் தீர்ப்பதற்கான தகவல் என்று தனிப் பக்கமே உண்டு. பதிப்பு, நீட்சிகள், கிராபிக்ஸ் விவரம் எல்லாம் ஓரிடத்தில் இருக்கும், மொத்தமாகக் காப்பி செய்ய ஒரு பட்டனும் இருக்கும். 1991 ஆகஸ்ட் 25 அன்று லினஸ் டோர்வால்ட்ஸ் தன்னுடைய புதிய இயங்குதளம் (பின்னாளில் லினக்ஸ் ஆனது) பற்றி, மினிக்ஸ் என்ற வேறோர் இயங்குதளத்தின் பயனர்களுக்கு எழுதிய குறிப்பு மிகச் சின்னது. பொழுதுபோக்குக்குத்தான் செய்கிறேன் என்று சொன்ன 21 வயது மாணவர் அவர். அந்தச் சின்னக் குறிப்பிலும் பேஷ் 1.08, ஜிசிசி 1.40 என்ற இரண்டு மென்பொருள்களும் தன் இயங்குதளத்தில் ஓடுவதாக எண்ணோடு சொல்லியிருந்தார். படிப்பவருக்கு எது தேவை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பிழைச்செய்தியைச் சொந்த வார்த்தையில் சொல்வதும் வேண்டாம். ‘ஏதோ பர்மிஷன் எரர் வந்தது’ என்றால், அனுமதி மறுக்கப்பட்ட கோப்பு எது என்கிற விவரம் தொலைந்துபோகிறது. பெரும்பாலும் அந்தக் கோப்பின் பெயரிலேயே விடை இருக்கும். எழுத்து மாறாமல் காப்பி செய்து ஒட்டுங்கள். டெர்மினலில் (கமாண்டுகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில்) வந்த எழுத்தை போனில் படம்பிடித்து அனுப்புகிறார்கள், அதுவும் சாய்வாக, விளக்கு வெளிச்சம் பட்டு. படத்திலிருந்து ஒரு வரியை எளிதில் எடுத்துத் தேட முடியாது. பார்வைக் குறைபாடு உள்ளவர், திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் வைத்து எளிதில் படிக்கவும் முடியாது. மிக நன்றாக உதவுகிறவர்களில் அவர்களும் இருக்கிறார்கள். சிக்கலே பார்வை சம்பந்தப்பட்டது என்றால், அதாவது பட்டன் இடம் மாறி நிற்கிறது, நிறம் தப்பாக வருகிறது என்றால், ஸ்கிரீன்ஷாட்தான் சரி.

அடுத்த தவறு கொஞ்சம் நுட்பமானது. செய்கிறவர்களும் பெரும்பாலும் நன்றாக யோசிக்கிறவர்கள்தான். சிக்கலைச் சொல்லாமல், தானாக ஊகித்த தீர்வின் நடுவில் வரும் சந்தேகத்தை மட்டும் கேட்பது. ஒருவர் என்னிடம், லிப்ரெஆபிஸின் கால்க் விரிதாளுக்கு அதிக ரேம் ஒதுக்குவது எப்படி என்று கேட்டார். நானும் இன்னொருவரும் ஒரு மாலை முழுக்க அதற்கான வழிகளைச் சொல்லிக்கொண்டே இருந்தோம். எதுவும் பலிக்கவில்லை. கடைசியில்தான் ‘உண்மையில் என்ன நடக்கிறது’ என்று கேட்டேன். ஒரு கோப்பைத் திறக்க நெடுநேரம் ஆகிறது, அதனால் ரேம் போதவில்லை என்று நினைத்தேன் என்றார். அந்தக் கோப்பில் இருநூறு வரிசைக்குத்தான் தகவல். ஆனால் ஒரு சூத்திரத்தைப் பத்தி முழுவதும் இழுத்து நிரப்பியிருந்தார். கால்க்கில் ஒரு தாளுக்கு 10,48,576 வரிசைகள். அத்தனையிலும் சூத்திரம் உட்கார்ந்திருந்தது. தேவையில்லாததை அழித்ததும் கோப்பு உடனே திறந்தது. ‘கோப்பு திறக்க நேரமாகிறது’ என்று முதல் வரியிலேயே சொல்லியிருந்தால் மூன்று பேருடைய மாலையும் மிஞ்சியிருக்கும்.

ஊகமே சொல்லக்கூடாது என்று நான் சொல்லவில்லை. பார்த்தது எது, நினைப்பது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம் 2024 மார்ச் 29 அன்று வந்த ஓர் அறிவிப்பு. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை உருவாக்குபவர்களில் ஒருவரான ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் எழுதியது. தன் டெபியன் லினக்ஸ் கணினியில் எஸ்எஸ்ஹெச் (வேறொரு கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் முறை) வழியாக உள்நுழைவது மெதுவாகிவிட்டதைக் கவனித்து, அளந்து பார்த்திருந்தார். முன்பு 0.299 விநாடி, இப்போது 0.807 விநாடி. அந்த அரை விநாடியைத் துரத்திக்கொண்டு போனவர், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ கள்ளக்கதவு, அதாவது வெளியாள் ரகசியமாக உள்ளே நுழைய ஒரு வழி, வைத்திருப்பதைக் கண்டுபிடித்தார். அறிவிப்பில் எண், பதிப்பு, எங்கே எப்படி நடக்கிறது எல்லாம் வரிசையாக இருந்தது. தான் பாதுகாப்பு ஆய்வாளர் இல்லை என்றும் அதிலேயே சொல்லியிருந்தார். அளந்ததும் தெரியாததும் தனித்தனியாக இருந்ததால், அவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர்களால் உடனே தொடர முடிந்தது.

அதே எக்ஸ்இசட் கதைக்கு இன்னொரு பக்கம் உண்டு. அவசரப்படுத்துவது பற்றிப் பேசும்போது அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. அந்த மென்பொருளைப் பல வருடங்களாக ஒருவர்தான் சம்பளம் இல்லாமல் பராமரித்து வந்தார். 2022-ல் சிலர் அவருக்குத் திரும்பத் திரும்ப எழுதினார்கள். ஏன் இவ்வளவு தாமதம், உங்களால் முடியவில்லை என்றால் வேறொருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள் என்று நச்சரித்தார்கள். இது ஊதியமில்லாத பொழுதுபோக்குப் பணி என்பதை நினைவில் வையுங்கள் என்று அவர் பதில் எழுதினார். மனநலச் சிக்கல்கள் இருப்பதையும் சொன்னார். அப்புறம் பொறுப்பில் பங்கு பெற்ற புதிய ஆள் பெயரில்தான் கள்ளக்கதவு நுழைந்தது. நச்சரித்த பெயர்களும் அந்தச் சதித்திட்டத்தின் பகுதியாகவே இருந்திருக்கும் என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். நீங்களும் நானும் அப்படித் திட்டம் போட்டு எழுதுவதில்லை. ஆனால் நம்முடைய ‘இன்னுமா பார்க்கவில்லை?’ போய்ச் சேருவது அதே மாதிரியான ஒரு களைத்த மனிதரிடம்தான்.

அதனால் ‘அவசரம்’ என்று எழுதாதீர்கள். உங்களுக்கு அவசரம்தான், எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தச் சொல்லால் வேகம் கூடுவதில்லை. பதில் சொல்பவர் வேலைக்குப் போய்விட்டு வந்து, வீட்டு வேலை முடித்து, இரவு ஒரு மணி நேரம் ஒதுக்கி உட்காருகிறார். அவருடைய இரவு உங்களுடைய பகலாகக்கூட இருக்கலாம். இரண்டு மூன்று நாள் பொறுங்கள். அதற்குப் பிறகும் பதில் இல்லை என்றால், ‘நினைவூட்டல்’ என்று வெறுமனே எழுதாமல், இடையில் நீங்கள் முயன்று பார்த்த ஒன்றைச் சேர்த்து எழுதுங்கள். புதிதாகத் தெரிந்த ஒரு விவரம் வந்தால் பழைய கேள்விக்கு மறுபடி உயிர் வரும். ‘இவ்வளவு மோசமான மென்பொருளை எப்படி வெளியிட்டீர்கள்’ என்று தொடங்குவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பதில் சொல்பவர் பெரும்பாலும் அதை எழுதியவரே இல்லை, உங்களைப் போல அதைப் பயன்படுத்துகிறவர்.

மிகையான பணிவும் தேவையில்லை. ‘ஐயா, ஒரு சந்தேகம் கேட்கலாமா?’ என்று எழுதிவிட்டு அனுமதிக்குக் காத்திருப்பவர்கள் உண்டு. நேரே கேள்வியைக் கேட்டுவிடுங்கள். ‘நான் புதிது, முட்டாள்தனமாக இருந்தால் மன்னிக்கவும்’ என்ற வரியும் வேண்டாம். புதிதாக வருகிறவர் கேட்பதால்தான் பல கையேடுகளில் இருக்கும் ஓட்டை தெரிய வருகிறது.

ஒருமுறை பதில் சொன்னார் என்பதற்காக அவரையே தனியாகப் பிடிப்பது, அன்பினால் நடக்கும் தவறு. பொதுவில் கேட்டால், அவர் தப்பாகச் சொன்னாலும் இன்னொருவர் திருத்துவார். நாளை இதே சிக்கலில் மாட்டுகிறவருக்கும் பதில் கிடைக்கும். தனியாகக் கேட்டால் இரண்டும் போச்சு. ஒரே கேள்வியை நாலு இடத்தில் ஒரே நேரத்தில் போட்டால், அதை ஒவ்வோர் இடத்திலும் சொல்லிவிடுங்கள்.

ஒரு தவறு மட்டும் திருத்த முடியாதது. மென்பொருள் தன் செயல்களைக் குறித்து வைக்கும் லாக் கோப்பை அப்படியே ஒட்டும்போது அதில் கடவுச்சொல்லோ, ஏபிஐ சாவியோ (ஒரு சேவையை உங்கள் பெயரில் பயன்படுத்த உதவும் ரகசியக் குறியீடு) போய்விடுவது. அனுப்புவதற்கு முன் ஒருமுறை முழுக்கப் படியுங்கள், ரகசியம் இருக்கும் இடத்தில் நட்சத்திரக் குறி போடுங்கள். எஸ்எஸ்ஹெச் சாவி இரண்டு கோப்பாக இருக்கும். ‘பப்’ (.pub) என்று பெயர் முடிவதைக் காட்டலாம், மற்றதை யாருக்கும் காட்டக் கூடாது, கேட்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. தவறிப்போய் அனுப்பிவிட்டால், அனுப்பியதை அழிப்பதோடு நிறுத்தாதீர்கள். அந்தக் கடவுச்சொல்லை, சாவியை உடனே மாற்றிவிடுங்கள். யார் யார் பார்த்தார்கள் என்று இனி தெரியாது.

பதில் சொல்லும் பக்கத்திலும் தவறு உண்டு. ‘கையேட்டைப் படி’, ‘கூகுளில் தேடு’ என்ற ஒற்றை வரிப் பதில்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். இரண்டு வருடம் கழித்து ஒருவர் கூகுளில் தேடி, அதே ‘கூகுளில் தேடு’ என்ற பதிலில் வந்து நிற்பார். கையேட்டில் இருக்கிறது என்றால் எந்தப் பகுதி என்று சொல்லலாம், அரை நிமிட வேலை. இன்னொன்று இதைவிட ஆபத்து: நிர்வாகி உரிமையோடு ஓட்ட வேண்டிய கமாண்டை, அது என்ன செய்யும் என்று சொல்லாமல் கொடுப்பது. புதியவர் நம்பி அப்படியே ஒட்டி என்டரைத் தட்டுவார். கோப்புகள் அழியக்கூடிய வாய்ப்பு ஒரு சதவீதம் இருந்தாலும், முதலில் நகல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். உறுதியாகத் தெரியாததை ‘இதுவாக இருக்கலாம், முயன்று பாருங்கள்’ என்றே எழுதுங்கள்.

கேட்டவர் திரும்பி வராமல் போவதுதான் என்னை இன்றும் வாட்டுவது. நாம் சொன்னது பலித்ததா, இல்லையா, வேறு வழி கிடைத்ததா, தெரியாது. ‘சரியாகிவிட்டது, நன்றி’ என்பதும் பாதிதான். எதனால் சரியானது என்று ஒரு வரி வேண்டும். ஒருவருடைய மடிக்கணினியில், மூடித் திறந்தால் வைஃபை வராது. நாலைந்து பேர் முயன்றும் முடியவில்லை, அப்படியே விட்டுவிட்டோம். ஐந்து மாதம் கழித்து அவரே எழுதினார். புதிய கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) போட்டதும் சரியாகிவிட்டது, பழையதற்குத் திரும்பினால் மறுபடி வருகிறது என்று, இரண்டு கெர்னல்களின் எண்ணையும் வைஃபை சிப்பின் பெயரையும் கொடுத்திருந்தார். அதே சிப்போடு அதற்குப் பிறகு வந்த ஒவ்வொருவருக்கும் அந்தக் கடிதத்தைத்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.