நெக்பேண்ட் வாங்குமுன் காதை அளந்து பாருங்கள்

கும்பகோணத்திலிருந்து மன்னார்குடிக்குப் பஸ்ஸில் பாட்டுக் கேட்டுக்கொண்டே போகிறவர்களுக்கு இது. கழுத்தில் மாட்டும் இயர்போனான நெக்பேண்ட் எடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது காதுக்குள் போகும் ரப்பர் முனை. பெரும்பாலும் பெட்டியிலேயே சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று அளவு இருக்கும். மூன்றையும் மாட்டிப் பாருங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்றில்லை. காது சரியாக அடைபடாவிட்டால் தவிலின் தொப்பிப் பக்கத்துக் கனத்த ஒலி மெலிந்துவிடும், பஸ் இரைச்சல் உள்ளே வரும், நாமும் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவோம். காதுக்குக் கேடு அதுதான். விலை கூடிய நெக்பேண்டும் இதற்கு விலக்கல்ல.

அப்புறம் வியர்வை. நம் டெல்டாப் புழுக்கத்துக்கு, நீர் தாங்கும் திறனைக் காட்டும் தரக் குறியீட்டில் ஐபிஎக்ஸ்4 (IPX4) கட்டாயம். எந்தப் பக்கமிருந்து நீர் தெறித்தாலும் தாங்கும். ஐபிஎக்ஸ்5 நீர் பீய்ச்சினாலும் தாங்கும். ஐப்பசி அடைமழையில் சைக்கிளில் போகிறவர்கள் இதையே வாங்குங்கள். எதுவானாலும், ஈரம் காயாமல் சார்ஜ் போடாதீர்கள்.

கடையில் கழுத்தில் மாட்டி ஒருமுறை நன்றாகக் குனிந்து பாருங்கள். முன்னால் சரிந்தால் வேண்டாம், வாய்க்கால் ஓரம் குனியும்போது தண்ணீரில் விழுந்துவிடும்.