மலையேறும் குழுவில் ஒருவருக்கு உடல்நலம் குன்றினால்
கிளிநொச்சி, முல்லைத்தீவுச் சமதரைக்கும் வெக்கைக்கும் பழகிய நம் பிள்ளைகள் 2,243 மீற்றர் உயரமான சிவனொளிபாதமலைக்கு முதுகுப்பையுடன் குழுவாக ஏறும்போது, ஒருவருக்குத் தலைச்சுற்றோ குமட்டலோ வந்தால், கூட்டத்தைத் தாமதப்படுத்தக்கூடாதென்று அவர் அதை மறைத்து நடப்பதே பெரும் ஆபத்து. உடனே அனைவரும் நின்று, அவருடைய சுமையைப் பகிர்ந்துகொண்டு, ஒரு பக்கற் ஜீவனியை (உடல் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் தூள்) ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்துச் சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுங்கள். வியர்வையில் நனைந்த சட்டையை மாற்றப் பலர் மறந்துவிடுகிறார்கள். குளிர்காற்றில் அந்த ஈரமே உடற்சூட்டை வேகமாக இறக்கிவிடும். பேச்சுக் குழறினாலோ, நெஞ்சு வலித்தாலோ, ஓய்வெடுத்தும் மூச்சுத்திணறல் தணியாவிட்டாலோ, உச்சியை மறந்து 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் இலவச அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். நடக்கக்கூடியவராக இருந்தாலும் அவரைத் தனியாகக் கீழே அனுப்பாதீர்கள். பாதையறிந்த ஒருவர் கட்டாயம் உடன் இறங்க வேண்டும்.