வெயில் எந்தப் பக்கம்?

கிளிநொச்சியில் இருந்து ஒன்றரை வயது மகளோடு காரில் போய்வரக் கடற்கரை தேடி இரண்டு ஞாயிறு வீணானது. முதலில், கிட்ட என்று முல்லைத்தீவு. தை மாதம், வாடைக்காற்று. அலைச் சத்தத்துக்கே கழுத்தைக் கட்டிக்கொண்டாள், இறங்கவேயில்லை. அப்புறம் திருகோணமலைப் பக்கம் நிலாவெளி. பாதி வழியில் சத்தி, திரும்பிவிட்டோம்.

சரி, சித்திரையில் காரைநகர் கசூரினா கடற்கரை. அங்கே கனதூரத்துக்கு ஆழமில்லை, அலையும் பெரிதில்லை. ஆனால் உண்மையில் கைகொடுத்தது இருக்கைதான். காலையில் ஏ9 வீதியில் யாழ்ப்பாணப் பக்கம் போகும்போது வெயில் வலப்பக்கம். பின்னேரம் திரும்பும்போதும் வலப்பக்கமே! அவள் அதுவரை இருந்ததோ சாரதிக்குப் பின்னால். இடப்பக்கம் மாற்றி, நித்திரை நேரம் பார்த்து ஒன்பதுக்கு வெளிக்கிட்டோம். காரைநகருக்குள் நுழையும் பொன்னாலைப் பாலத்தில்தான் கண் விழித்தாள். ஈர மணலை வாயில் போட்டதைத் தவிர வேறு கரைச்சல் இல்லை.