சென்னைப் பள்ளிகளில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டர்கள்: ஊருக்கு வரும் சேகரிப்பாளர்களுக்கு

பழைய கம்ப்யூட்டர் தேடி ஊருக்கு வருபவர்கள் நேராக எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போகிறார்கள். அங்கே விலைபோகாத சரக்கை யாரும் வைத்திருப்பதில்லை. அவை தங்கியிருப்பது பள்ளிக்கூடங்களில்: லேபுக்குப் பின்னால் உள்ள ஸ்டோர் ரூமில், மாடிப்படிக்கு அடியில், உடைந்த பெஞ்சுகளுக்கு நடுவே. பள்ளியின் சொத்துப் பதிவேடான டெட் ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறிய பொருளை, இனி உதவாது என்று முறைப்படி ‘கண்டம்’ செய்து கையெழுத்து வாங்காமல் வெளியேற்ற முடியாது; அதற்கு அலைய யாருக்கும் நேரமில்லை. அதனால் வருடக்கணக்கில் கிடக்கும். அப்புறம் ஒருநாள் வெள்ளையடிக்க ஆள் வருவார்கள், மொத்தமும் காயலான் கடைக்கு எடைக்குப் போய்விடும். நாம் முந்த வேண்டியது அந்த நாளைத்தான்.

எதைத் தேடுவது? 1984-ல் மத்திய அரசு ‘கிளாஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, முதல் கட்டமாக நாடு முழுவதும் சுமார் 250 பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் கொடுத்தது. வந்தது பிரிட்டனின் ஏகார்ன் நிறுவனம் செய்த பிபிசி மைக்ரோ. நினைவகம் 32 கேபி. வெளிர் நிற உடல், கறுப்புக் கீபோர்டு, மேல்வரிசை விசைகள் மட்டும் செம்மஞ்சள். பார்த்தால் மறக்காது. பின்னர் இங்கேயே செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் நிறுவனம் அதை ‘எஸ்சிஎல் யூனிகார்ன்’ என்ற பெயரில் தந்தது. லண்டனில் இருப்பவர் பிபிசி மைக்ரோவை இங்கிருந்து சுமந்து போவதில் அர்த்தமில்லை, அங்கேயே கிடைக்கும். யூனிகார்ன் என்று பெயர் இருந்தால் விடாதீர்கள்.

அதைவிட என் மனம் தேடுவது மத்திய அரசின் கம்ப்யூட்டர் ஆய்வு நிறுவனமான சிடாக்கின் ஜிஸ்ட் கார்டை. விண்டோஸ் பரவுவதற்கு முந்தைய டாஸ் காலத்தில் தமிழைத் திரையில் காட்ட பிசிக்குள் செருகிய அட்டை அது. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண பழைய பெட்டி, விலையும் பெறாது. பள்ளி அனுமதித்தால் மூடியைக் கழற்றிப் பாருங்கள். தமிழ் எழுத்துப் பொறித்த கீபோர்டு தனியாகக் கிடந்தாலும் எடுத்து வையுங்கள். இவற்றை நாம் காப்பாற்றாவிட்டால் வேறு எந்த நாட்டுக்காரரும் காப்பாற்றப் போவதில்லை.

கேட்கும் முறை முக்கியம். தனியார், உதவிபெறும் பள்ளி என்றால் தாளாளருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதிக்கொண்டு போங்கள். பழைய மாணவர் என்றால் அதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். ஆனால் எது எங்கே கிடக்கிறது என்று தெரிந்தவர் கம்ப்யூட்டர் மிஸ்ஸோ லேப் அசிஸ்டென்ட் சாரோதான். அவரிடம் முதலில் கேட்க வேண்டியது, அந்த மெஷின் அரசுப் பணத்தில் வாங்கியதா, நிர்வாகம் வாங்கியதா என்பது. அரசுப் பொருளைத் தலைமையாசிரியர் நினைத்தாலும் தூக்கிக் கொடுக்க முடியாது, அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள். நிர்வாகத்தின் பொருள் என்றால் பேசலாம். பணத்தைப் பள்ளியின் பெயரில் கட்டி ரசீது வாங்குங்கள். பணத்தைவிட, ஓடும் நிலையில் ஒரு லேப்டாப் தருகிறேன் என்றால் பல இடங்களில் முகம் மலரும். மே மாதம் நல்ல நேரம்: வகுப்பு இருக்காது, அட்மிஷனுக்காக அலுவலகம் திறந்திருக்கும். டிசம்பரில் வருபவர்கள் அரையாண்டு விடுமுறைக்கு முன்பே போய்ப் பேசிவிடுங்கள். ஹார்ட் டிஸ்க்கில் மாணவர்களின் மதிப்பெண், முகவரி இருக்கலாம். அதை என்ன செய்வது என்று பள்ளியே முடிவு செய்யட்டும்.

மெஷின் கைக்கு வந்ததும் பிளக்கைச் செருகிப் பார்க்கத் தோன்றும். வேண்டாம். பிபிசி மைக்ரோவின் பவர் சப்ளைக்குள் ரிஃபா என்ற ஃபில்டர் கபாசிடர் இருக்கும்; அதன் மஞ்சள் உறை காலப்போக்கில் நுண்ணிய கீறல் விட்டு, காற்றின் ஈரத்தை உள்ளே இழுத்துவிடும். கரண்ட் கொடுத்தால் வெடித்துப் புகை கிளம்பும். சென்னைக் காற்றைச் சொல்லவே வேண்டாம். இந்த வேலைக்குத்தான் ரிச்சி தெரு: அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் பக்கம், புது கபாசிடர் கிடைக்கும். 386, 486 பிராசசர் போட்ட பழைய பிசி என்றால் மதர்போர்டில் பீப்பாய் போன்ற ரீசார்ஜ் பேட்டரியைப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் கசிந்துவிட்டது. உடனே வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். ஃபிளாப்பியின் கறுப்புத் தகட்டில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் டிரைவில் போடாதீர்கள், ஹெட் கெட்டுவிடும். சில மானிட்டர்களில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருக்கும், பக்கத்தில் மஞ்சள் பெயின்டில் லேப் நம்பர். அதைத் துடைத்துவிடாதீர்கள். அந்த மெஷினின் வாழ்க்கை அதில்தான் இருக்கிறது.

பள்ளியில் கிடைக்காவிட்டால் வெள்ளிக்கிழமை காலையில் பல்லாவரம் சந்தைக்குப் போகலாம், ரயில் நிலையத்திலிருந்து கிட்டத்தான். கீபோர்டு, கேபிள், பழைய ரேடியோ எல்லாம் தரையில் விரித்திருப்பார்கள். “இது ஓடுமாண்ணே?” என்று கேட்டால் ஓடும் என்றுதான் சொல்வார். ஓடாது என்று வைத்தே விலை பேசுங்கள்.

மானிட்டரை விமானத்தில் கொண்டுபோக நினைக்காதீர்கள்; எடையும் அதிகம், குழாய் உடையும். சிபியு, கீபோர்டு, கார்டு போதும். அமெரிக்கா, கனடாவுக்குக் கொண்டுபோகிறவர்கள், இங்குள்ள பவர் சப்ளை 230 வோல்ட் என்பதை மறக்க வேண்டாம். 2025 ஜனவரி 1 முதல் அபாயக் கழிவுகள் நாடு கடப்பதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கையின் கீழ் எல்லா மின்கழிவுகளும் நாடு கடக்க முன் அனுமதி தேவை. உங்கள் பெட்டியில் இருப்பது கழிவு அல்ல, சேகரிப்புப் பொருள் என்று காட்ட, பள்ளி ரசீதும், மெஷின் பெயர், வரிசை எண் எழுதிய லெட்டர்ஹெட் கடிதமும் கையில் இருக்கட்டும். இந்தத் தாள்களை லக்கேஜில் போட்டுவிடாதீர்கள்.