கல்லாவுக்குப் பின்னால் ஒரு காமெடிப் படம்: எங்கெங்கே சறுக்கும்?

கடையில் வேலை பார்க்கும் இரண்டு இளைஞர்கள், நகராத கடிகாரம், கல்லாவுக்குக் குறுக்கே ஓயாத பேச்சு. கையில் காசில்லாமல் முதல் படம் எடுக்க வருகிறவர்களில் பலர் இந்தக் கதையில்தான் வந்து நிற்கிறார்கள். ஒரே இடம், நாலைந்து நடிகர்கள், சண்டை இல்லை, பாட்டு இல்லை. சுலபமாக முடித்துவிடலாம் என்று தோன்றும். அந்த நினைப்போடு எழுத உட்கார்ந்தாலே படம் பாதி கெட்டுவிடும். காசு போட்டு மறைக்க முடியாததை எல்லாம் எழுத்துதான் தாங்க வேண்டும்.

இந்த வகைக்கு எல்லோரும் கைகாட்டும் படம் அமெரிக்க இயக்குநர் கெவின் ஸ்மித்தின் ‘கிளர்க்ஸ்’. 1994இல் வந்தது. படப்பிடிப்புச் செலவு சுமார் 27,500 டாலர். கிரெடிட் கார்டுகளில் கடன் வாங்கியும், சேர்த்து வைத்திருந்த காமிக்ஸ் புத்தகங்களை விற்றும் திரட்டிய பணம் அது. நியூ ஜெர்சியில் தான் வேலை பார்த்த கடையிலேயே கறுப்பு வெள்ளையில் எடுத்தார். பகலில் அங்கே வியாபாரம் நடக்கும் என்பதால் படப்பிடிப்பு இரவில்தான். ஆனால் கதையோ ஒரே பகலில் நடப்பது. ஜன்னல் வழியாக இருட்டு தெரிந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அவர் என்ன செய்தார் தெரியுமா? ஷட்டர் பூட்டுக்குள் யாரோ சூயிங்கம்மை அடைத்துவிட்டார்கள், அதனால் ஷட்டரைத் திறக்க முடியவில்லை என்று எழுதிவிட்டார். கடை திறந்துதான் இருக்கிறது என்று சொல்ல, கல்லாவில் நிற்கும் கதாநாயகன் டான்டே ஒரு படுக்கை விரிப்பில் ஷூ பாலிஷால் எழுதி வெளியே தொங்கவிடுகிறான். பார்க்கிறவருக்கு அது பட்ஜெட் குறையாகத் தெரியவே தெரியாது. அவனுடைய விடியாத நாளில் நடந்த முதல் கெடுதலாகத்தான் தெரியும்.

எனக்குத் தெரிந்து இந்த வகைப் படங்கள் அதிகம் தோற்பது இங்கேதான். ஸ்கிரிப்டை முடித்துவிட்டுக் கடை தேடுகிறார்கள். கிடைத்த கடைக்கும் எழுதிய கதைக்கும் பொருந்தாதபோது ஒட்டுப் போடுகிறார்கள். முதலில் கடையைப் பிடியுங்கள். எந்த நேரத்தில் தருவார்கள், எந்த மூலையில் ஆள் நிற்க முடியும், எந்தக் கதவு திறக்காது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அந்தத் திறக்காத கதவைக் கதைக்குள் கொண்டு வாருங்கள்.

அடுத்தது, சலிப்பைக் காட்டுவதற்கும் சலிப்பூட்டுவதற்கும் உள்ள வித்தியாசம். கதாபாத்திரத்துக்குப் பொழுது போகவில்லை என்பதற்காகப் பார்க்கிறவரையும் பத்து நிமிடம் சும்மா உட்கார வைக்கக் கூடாது. அவனுக்கு ஏதோ ஒன்று வேண்டும், இந்தக் கடை அதற்குக் குறுக்கே நிற்க வேண்டும். டான்டேவுக்கு அன்று விடுமுறை, கூப்பிட்டதால் வருகிறான். மதியம் விட்டுவிடுவதாகச் சொன்ன முதலாளி வரவில்லை. இரண்டு மணிக்கு ஹாக்கி ஆட்டம் இருக்கிறது. பழைய காதலிக்கு நிச்சயதார்த்தம் என்ற செய்தி பேப்பரில் வந்திருக்கிறது. இவ்வளவு இழுவை உள்ளே இருப்பதால்தான் அவனும் நண்பன் ரேண்டலும் நின்ற இடத்தில் நின்று பேசினாலும் படம் நகர்கிறது.

பேச்சு என்றதும் இன்னொன்று. நடிகர்களை வெறுங்கையோடு நிற்க வைத்து வசனம் பேசவிடாதீர்கள். கடையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், பேசும்போதும் கை ஓய்வதில்லை. பின்னால் போன டப்பாக்களை அலமாரியின் முன்வரிசைக்கு இழுத்து அடுக்குவது, விலை ஸ்டிக்கர் ஒட்டுவது, பில் ரோல் மாற்றுவது. இரவு கல்லா எண்ணும் நேரத்தை யோசித்துப் பாருங்கள். ஒருவன் நோட்டுகளை எண்ணிக்கொண்டிருக்கிறான், மற்றவன் தன் காதலைப் பற்றி ஓயாமல் பேசுகிறான். எண்ணிக்கை தவறுகிறது. மறுபடி முதலிலிருந்து. மூன்றாம் தடவை எண்ணுகிறவனின் உதடு மட்டும் சத்தமில்லாமல் அசைகிறது, பேசுகிறவன் அதைக் கவனிக்கவே இல்லை. இதற்குத் தனியாக ஜோக் எழுத வேண்டியதில்லை. இந்தக் காட்சியை வெட்டாமல், இருவரும் ஒரே ஃபிரேமில் இருக்க, ஒரே ஷாட்டில் எடுங்கள். ஆளுக்கொரு குளோசப் என்று மாற்றி மாற்றிப் போட்டால் சிரிப்பு செத்துவிடும்.

வாடிக்கையாளர்களை எல்லாம் மடையர்களாகக் காட்டுவது சுலபம். இரண்டு காட்சிக்கு மேல் அது தாங்காது. அந்த வாடிக்கையாளர் சொல்வதிலும் நியாயம் இருந்தால்தான் கல்லாவில் நிற்பவனின் எரிச்சல் சுவையாக இருக்கும்.

இனி சத்தம். படம் மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளும் ரசிகர், வசனம் கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார். கடையின் பெரிய எதிரி ஃபிரிட்ஜ். காதுக்குப் பழகிவிடுவதால் அதன் ‘ஊம்’ சத்தம் படப்பிடிப்பில் உறைக்காது. எடிட்டிங்கில் உட்காரும்போதுதான், ஒரு ஷாட்டில் ஓடிய மோட்டார் அடுத்த ஷாட்டில் நின்றுபோயிருப்பது தெரியும். எங்கள் முதல் குறும்படத்தில் டேக்குக்காக ஃபிரிட்ஜை அணைத்தோம், விடிகாலையில் திரும்பப் போட மறந்துவிட்டோம். உள்ளே இருந்த சரக்கு கெட்டது. கடைக்காரரின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றது இன்னும் நினைவிருக்கிறது. சவுண்ட் ரெக்கார்டிஸ்ட்டுகள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: அணைத்தவுடன் வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள்ளேயே வைத்துவிடுவது. சாவி எடுக்காமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. கிளம்புவதற்கு முன் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் வெற்றுச் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். வெட்டிய வசனங்களை ஒட்டும்போது அதுதான் காப்பாற்றும்.

டியூப்லைட் விஷயம் சுருக்கமாக: 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் கேமராவின் ஷட்டர் வேகம் 1/50 நொடி, 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60. இல்லையென்றால் விளக்கு துடிக்கும். ஃபிரிட்ஜின் கண்ணாடிக் கதவில் உங்கள் குழுவே தெரிகிறதா என்று ஒவ்வொரு டேக்குக்கு முன்பும் பாருங்கள்.

கடை ரேடியோவில் பிடித்த பாட்டு ஒன்றைப் போட்டு, அதன் மேல் வசனத்தைப் பதிவு செய்யவே செய்யாதீர்கள். அந்தப் பாட்டுக்கு உரிமை கிடைக்காவிட்டால் காட்சியே போய்விடும், ஏனென்றால் வசனத்திலிருந்து அதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. ‘கிளர்க்ஸ்’ படத்துக்கே பாடல் உரிமைகளுக்கு ஆன தொகை, படம் எடுத்த தொகையைவிட அதிகம். அதைக் கட்ட ஒரு விநியோகஸ்தர் இருந்தார். உங்களுக்கு இருப்பார் என்று நம்பி இறங்காதீர்கள்.

கெட்ட வார்த்தையே நகைச்சுவை என்று நினைப்பதும் உண்டு. ‘கிளர்க்ஸ்’ படத்துக்கு வசனங்களுக்காக மட்டுமே அமெரிக்காவில் முதலில் பெரியவர்களுக்கு மட்டும் என்ற என்சி-17 சான்றிதழ் கொடுத்தார்கள். மேல்முறையீட்டில்தான் வெட்டு இல்லாமல், பெரியவர் துணையோடு சிறுவர்களும் பார்க்கலாம் என்ற ஆர் சான்றிதழ் கிடைத்தது. ஆனால் அதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் வார்த்தைக்காகச் சிரிப்பதில்லை. அவ்வளவு அசிங்கமான விஷயத்தை அந்த இருவரும் வழக்கறிஞர்களைப் போல வாதாடுவதுதான் சிரிப்பு.

கடைசியாக, முடிவு. எப்படி முடிப்பது என்று தெரியாமல் திடீரென ஒரு மரணத்தைக் கொண்டுவந்து வைப்பது இளம் இயக்குநர்களுக்குப் பழக்கம். சிரிக்க வைத்ததற்கு ஏதோ ஈடுகட்டுவது போல. ஸ்மித்தும் அதைச் செய்தார். அவர் முதலில் எடுத்த முடிவில் கொள்ளையடிக்க வரும் ஒருவன் டான்டேவைச் சுட்டுவிடுவான். படத்தைப் பார்த்த அனுபவசாலிகள் வேண்டாம் என்றார்கள், அதை வெட்டினார். இப்போதுள்ள படத்தில் கிளம்பிப் போன நண்பன் ரேண்டல் மறுபடி தலையை நீட்டி, வெளியே தொங்கிக்கொண்டிருந்த அந்த ஷூ பாலிஷ் விரிப்பை டான்டே மேல் வீசிவிட்டு, கடை மூடியாயிற்று என்று சொல்லிப் போகிறான்.