கேம், ஸ்ட்ரீமிங், எடிட்டிங் மூன்றுக்கும் ஒரே பிசி: பார்ட்ஸ் வாங்கும்போது எங்கே சறுக்குகிறோம்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கம்ப்யூட்டர் பார்ட்ஸ் விற்கும் எந்தக் கடைக்குள் போனாலும் முதல் கேள்வி "பட்ஜெட் எவ்வளவு சார்?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்லும் முன் வேறு சில விஷயங்கள் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எந்தக் கேமராவில் எடுக்கிறீர்கள், அது எந்த ஃபார்மட்டில் பதிவு செய்கிறது, விளையாடப்போகும் மானிட்டரின் திரைத் துல்லியம் 1080பியா 1440பியா, ஸ்ட்ரீம் போவது யூடியூபிலா ட்விட்சிலா. இதெல்லாம் தெரியாமல் போய் நின்றால் அன்று கடையில் எது ஸ்டாக் இருக்கிறதோ அதுதான் உங்கள் பிசி.

எனக்குத் தெரிந்த ஒரு கல்யாண வீடியோ எடிட்டர், நல்ல விலைக்கு கிராஃபிக்ஸ் கார்டு போட்டுவிட்டு, பிராசஸரில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாமே என்று பெயர் 'எஃப்' என்று முடிகிற இன்டெல் மாடலை வாங்கினார். கேம் எல்லாம் பறந்தது. ஆனால் முகூர்த்தக் காட்சிகளை டைம்லைனில் போட்டதும் படம் திக்கித் திக்கி ஓடியது. அவருடைய கேமரா எச்.265 என்ற சுருக்க முறையில், நிற விவரம் அதிகமுள்ள 10 பிட் 4:2:2 என்ற வகையில் பதிவு செய்யும். அதை வன்பொருளிலேயே பிரித்துக் காட்டும் வசதி, இன்டெலின் 11ஆம் தலைமுறையிலிருந்து பிராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸில் உண்டு, குவிக் சிங்க் என்பார்கள். 'எஃப்' மாடலில் அந்த உள் கிராஃபிக்ஸே கிடையாது. என்விடியா கார்டுகளிலோ ஆர்டிஎக்ஸ் 50 வரிசை வந்த பிறகுதான் 4:2:2-க்கு ஆதரவு வந்தது, அதற்கு முந்தைய ஆர்டிஎக்ஸ் 4090-லும் இல்லை. அவர் மிச்சம் பிடித்த தொகை சின்னது, ஆனால் அதற்காக ஒவ்வொரு கல்யாணத்துக்கும் முதலில் ப்ராக்ஸி ஃபைல் (எடிட் செய்ய எளிதான சிறிய நகல்) செய்துவிட்டுத்தான் எடிட்டிங்கில் உட்கார வேண்டியிருந்தது. போனில் எடுக்கும் சாதாரண 8 பிட் 4:2:0 வீடியோ மட்டும்தான் என்றால் இந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம். இதனால்தான் கேமராவிலிருந்து தொடங்குங்கள் என்கிறேன்.

ஸ்ட்ரீமிங்கில் நடப்பது நேர் எதிரான தவறு. "ஸ்ட்ரீம் பண்ணணும்னா 16 கோர் வேணும்" என்று பழைய வீடியோக்களைப் பார்த்துப் பிராசஸரில் பணத்தைக் கொட்டுகிறார்கள். இன்றைக்கு என்கோடிங் (வீடியோவைச் சுருக்கும்) வேலையை கிராஃபிக்ஸ் கார்டுக்குள் இருக்கும் தனிப் பகுதியே பார்த்துக்கொள்கிறது. என்விடியாவில் அதை என்வென்க் என்கிறார்கள், 2018-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 20 வரிசையிலிருந்தே அதன் தரம் நன்றாக இருக்கிறது. ஓபிஎஸ் என்ற ஸ்ட்ரீமிங் மென்பொருளில் அதைத் தேர்ந்தெடுத்தால் 6 அல்லது 8 கோர் பிராசஸரே போதும். ஆனால் எல்லாக் கார்டிலும் என்கோடர் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். 2022-ல் வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியில் வீடியோ என்கோடரே கிடையாது, மதர்போர்டுடன் சேரும் பிசிஐஇ இணைப்பும் 4 லேன் (தடம்)தான், பழைய பிசிஐஇ 3.0 மதர்போர்டில் போட்டால் கேமிலும் வேகம் அடிபடும். ஜிடி 1030-லும் என்கோடர் இல்லை. யூடியூபில் ஸ்ட்ரீம் செய்பவர்கள் ஏவி1 என்ற புதிய சுருக்க முறைக்கு என்கோடர் உள்ள கார்டாகப் பாருங்கள் (ஆர்டிஎக்ஸ் 40, ரேடியான் 7000, இன்டெல் ஆர்க், இவற்றுக்குப் பிறகு வந்தவையும்), அதே பிட்ரேட்டில் படம் தெளிவாக இருக்கும்.

கார்டின் பெயரை மட்டும் பார்த்து வாங்குவதும் ஆபத்துதான். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ என்ற ஒரே பெயரில் 8 ஜிபி மெமரி உள்ளதும் விற்கிறது, 16 ஜிபி உள்ளதும் விற்கிறது. கேமுக்கு மட்டும் என்றால் 8 ஜிபியில் செட்டிங்கைக் குறைத்துச் சமாளிக்கலாம், ஆனால் டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளில் 4கே காட்சிக்கு நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டால் ஜிபியு மெமரி நிறைந்துவிட்டது என்று சொல்லி நின்றுவிடும். எத்தனை ஜிபி என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

ரேமில் ஒரே விஷயம். இப்போது 2 ஸ்டிக், அப்புறம் 2 ஸ்டிக் என்று திட்டம் போடாதீர்கள். ரைசன் 7000 பிராசஸர்களில் டிடிஆர்5 ரேம் இரண்டு ஸ்டிக்குக்கு 5200 வேகம் என்று ஏஎம்டி சொல்கிறது, நான்கு போட்டால் அது 3600 ஆகிறது. எடிட்டிங்குக்கு 64 ஜிபி வேண்டும் என்று தெரிந்தால் முதலிலேயே 32 ஜிபி ஸ்டிக் இரண்டாக வாங்கி, பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடுங்கள். பயாஸில் (மதர்போர்டின் செட்டிங் திரை) ரேமை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பியை ஆன் செய்யாவிட்டால் 6000 என்று காசு கொடுத்து வாங்கிய ரேம் 4800-லேயே ஓடிக்கொண்டிருக்கும்.

எஸ்எஸ்டியில் விலை மலிவான கியூஎல்சி வகை, விண்டோஸுக்கும் கேமுக்கும் பரவாயில்லை. ஒரே மூச்சில் 300 ஜிபி ஃபுட்டேஜ் காப்பி செய்தால் அதன் வேகமான கேஷ் பகுதி நிரம்பியதும் வேகம் ஹார்ட் டிஸ்க் அளவுக்குக்கூட இறங்கும்.

இனி கரண்ட் விஷயம். நம் ஊரில் அதிக நஷ்டம் வருவது இங்கேதான் என்பது என் கருத்து. லிஸ்ட்டின் கடைசி வரியில் "ஏதாவது ஒரு 600 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ்" (பிசிக்கு மின்சாரம் தரும் பெட்டி) என்று எழுதுகிறார்கள். 80 ப்ளஸ் கோல்டு என்ற முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் இருக்கிறது என்பதைத்தான் சொல்லும், பாதுகாப்புச் சுற்றுகள் சரியாக இருக்கின்றனவா என்பதைச் சொல்லாது. கிராஃபிக்ஸ் கார்டுகள் நொடியில் ஒரு துளி நேரத்துக்குத் தங்கள் அளவைவிட மிக அதிகமாக மின்சாரம் இழுக்கும், அதைத் தாங்கத்தான் எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் 3.0 தரம் 2022-ல் வந்தது. புதிய 16 பின் கனெக்டர் இருக்கிற கார்டு என்றால் பிளக் இடைவெளியில்லாமல் முழுக்க உள்ளே போயிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். 4090 கார்டுகளில் கனெக்டர் உருகியதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் சரியாக அழுத்தாததும் ஒன்று.

யூபிஎஸ்ஸும் அப்படித்தான். 600 விஏ என்று விற்பது பெரும்பாலும் 360 வாட்ஸ்தான் தரும். கேம் ஓடும்போது கரண்ட் போனால் அதுவும் சேர்ந்து அணைந்துவிடும், எக்ஸ்போர்ட் பாதியில் போகும். உங்கள் பார்ட்ஸ் இழுக்கும் வாட்ஸைக் கூட்டி, விஏ எண்ணை விட்டுவிட்டு வாட்ஸ் எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

கேபினட்டைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று இருக்கிறதா? பிளக் பாயின்ட்டில் எர்த் இல்லை என்று அர்த்தம். எஸ்எம்பிஎஸ்ஸில் மின் இரைச்சலை வடிகட்டுகிற கெப்பாசிட்டர்கள் எர்த்தை நம்பித்தான் வைக்கப்பட்டிருக்கின்றன, எர்த் இல்லாவிட்டால் கேபினட் உடலில் 100 வோல்ட்டுக்கு மேல் மிதக்கும். அந்த மின்னோட்டம் மிகச் சிறியது என்றாலும் கேப்சர் கார்டு, ஆடியோ இன்டர்ஃபேஸ் செருகும்போது போர்ட் போவதற்கும் மைக்கில் ஊஊ என்ற இரைச்சல் வருவதற்கும் அது போதும். பிசிக்குப் பணம் ஒதுக்கும் முன் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதியுங்கள், இதைத் தள்ளிப்போடவே கூடாது. சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினட்டும் வேண்டாம், வலை முகப்பும் முன்னால் இரண்டு ஃபேனும் இருந்தால் எக்ஸ்போர்ட் நேரத்தில் பிராசஸர் சூட்டில் வேகத்தைக் குறைப்பது மிகவும் குறையும்.

பழைய பார்ட்ஸ் வாங்குபவர்கள் இன்டெல் 13, 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9-களில் ஜாக்கிரதை. அதிக வோல்டேஜால் சிப் தேயும் பிரச்சினைக்கு இன்டெல் 2024 ஆகஸ்டில் மைக்ரோகோட் (சிப்புக்குள் ஓடும் மென்பொருள்) திருத்தம் கொடுத்தது, வாரண்டியையும் 2 ஆண்டு நீட்டித்தது. ஆனால் ஏற்கெனவே தேய்ந்த சிப்பை எந்த அப்டேட்டும் மீட்காது. புதிதாக வாங்கினாலும் ஜிஎஸ்டி பில் வேண்டாம், குறைத்துத் தருகிறேன் என்று சொன்னால் அந்த 18 சதவீதத்துக்கு ஆசைப்படாதீர்கள், சீரியல் நம்பர் எழுதிய பில் இல்லாமல் வாரண்டிக்கு அலைவது பெரும்பாடு.

எல்லாம் பூட்டி முடித்த அன்று மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கிராஃபிக்ஸ் கார்டில் செருகுங்கள். பிறகு விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்கில் போய் ரெஃப்ரெஷ் ரேட்டைப் பாருங்கள், 165 ஹெர்ட்ஸ் மானிட்டரிலும் அது 60-ல் நின்றிருக்கலாம்.