ஆலிவ் எண்ணெய் வாங்கும் முன்: கரையோரச் சமையலறையில் நடக்கும் தவறுகள்

மத்திய தரைக்கடல் உணவுமுறை என்ற பேச்சு இராமநாதபுரம் கடற்கரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. சினைப்பை நீர்க்கட்டி, தைராய்டு, சர்க்கரை என்று ஏதாவது ஒரு ஹார்மோன் கோளாறு பரிசோதனையில் தெரியவந்தால் வீட்டுக்கு முதலில் வருவது ஆலிவ் எண்ணெய்ப் புட்டி. சோறும் வறுவலும் முன்போலவே தொடர, அந்த எண்ணெய் மட்டும் மேலே சேர்கிறது. பெரிய தவறு இதுதான்.

கிரீஸிலும் தெற்கு இத்தாலியிலும் அந்த உணவை உண்டவர்கள் பெரும்பாலும் எளிய கிராமத்து மக்கள். பயறு, கீரை, காய், முழுத்தானியம், பழம், கரையில் கிடைத்த மீன் ஆகியவையே அவர்கள் சாப்பாடு. இறைச்சியும் இனிப்பும் எப்போதாவதுதான். ஆலிவ் அவர்கள் மண்ணில் விளைந்ததால் அந்த எண்ணெயில் சமைத்தார்கள். அது நல்ல எண்ணெய்தான், மறுக்கவில்லை. ஆனால் ஸ்பெயினில் நடந்த புகழ்பெற்ற பிரெடிமெட் ஆய்வைப் பாருங்கள். 2013இல் வெளியாகி, ஆட்களைக் குழுக்களாகப் பிரித்ததில் கண்ட குறையால் திரும்பப் பெறப்பட்டு, திருத்தங்களுடன் 2018இல் மீண்டும் வெளியான ஆய்வு அது. இரண்டு குழுக்களை மத்திய தரைக்கடல் முறையில் உண்ணச் சொல்லி, ஒரு குழுவுக்கு ஆலிவ் எண்ணெய் கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு வாதுமை போன்ற கொட்டைகள். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை இரண்டு குழுக்களிலும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தன. நம் நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும்கூட நிறைவுறாக் கொழுப்பே அதிகம். அளவாக ஊற்றுவதும், வறுத்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாமல் இருப்பதும்தான் முக்கியம்.

ஹார்மோன் கோளாறு என்றால் எல்லாம் ஒன்று என எண்ணுவது அடுத்த தவறு. சினைப்பை நீர்க்கட்டி உள்ள பலருக்கு உடல் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படுவதில்லை. அதை ஈடுகட்ட இன்சுலின் கூடுதலாகச் சுரக்கிறது. அது சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைப் பெருக்குகிறது. அந்த ஹார்மோனைக் கட்டி வைக்கும் புரதத்தைக் கல்லீரல் குறைவாகச் செய்கிறது. மாதவிலக்கு தள்ளிப்போவதும் முகத்தில் முடி வளர்வதும் இதனால்தான். நார்ச்சத்தும் நல்ல கொழுப்பும் உள்ள சாப்பாடு சர்க்கரை ஏறும் வேகத்தைத் தணிப்பதால் இங்கே உணவுக்கு நேரடி வேலை உண்டு. உடல் பருமனாக இருப்பவர்களுக்கு எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே மாதவிலக்கு சீராக வாய்ப்பு இருக்கிறது. அதற்கு இந்த ஒரு உணவுமுறைதான் வழி என்றும் இல்லை. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயைத் தள்ளிப்போடவும் இதே கணக்கு உதவும். தைராய்டு சுரப்புக் குறைவு வேறு கதை. அங்கே உணவு துணைக்கு வரலாம், மாத்திரையின் இடத்தைப் பிடிக்க முடியாது.

சரி, தட்டுக்கு வருவோம். மலை போலச் சோறு, ஓரமாக இரண்டு துண்டு மீன், பெயருக்குக் கொஞ்சம் காய். மீன் இருப்பதாலேயே இது மத்திய தரைக்கடல் உணவாகிவிடாது. சோற்றைக் குறைத்துத் தட்டின் பாதியைக் காயும் கீரையும் பிடிக்க வேண்டும். வறண்ட மாவட்டத்தில் காய்கறிக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள், நியாயம்தான். ஆனால் முருங்கைக்கீரை கொல்லையிலேயே நிற்கிறது. தட்டைப்பயறும் கொண்டைக்கடலையும் எந்தக் கடையிலும் கிடைக்கும். சிவப்பரிசியான சித்திரைக்கார் வெள்ளை அரிசியைவிட நல்லது. அதற்காக இரண்டு மடங்கு உண்ணக் கூடாது.

மீன் விஷயத்தில் நம் ஆட்களின் ரசனை சற்றுத் தலைகீழ். விருந்தாளி வந்தால் சீலா. சாளையும் (மத்தி) நெத்திலியும் ஏதோ இளப்பம். ஒமேகா-3 என்னும் நல்ல கொழுப்புக்கும் விலைக்கும் சாளையை மிஞ்ச ஆளில்லை. நெத்திலியை முள்ளோடு மென்றால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கிறது. சிறு மீனில் பாதரசம் குறைவு; சுறா போன்ற பெரிய வேட்டை மீன்களில் அது சேர்ந்துகொண்டே போகும். கர்ப்பிணிகளும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் பால் கொடுப்பவர்களும் சுறாவைத் தவிர்ப்பது நல்லது. பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு என்ற வழக்கத்துக்கு இது கசப்பான செய்திதான். மேலும் அந்தச் சாளையை எண்ணெயில் முக்கிப் பொரித்தால் வாங்கியதன் பயன் பாதி போய்விடும். குழம்போ, ஆணமோ, கல்லில் சிறிது எண்ணெய் தடவிச் சுட்டதோ போதும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. அப்போதும் நாட்டுப்படகில் சிறு மீன் வரும். அந்த இரண்டு மாதமும் கருவாட்டிலேயே ஓட்டினால் உப்பு எல்லை மீறும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு.

உப்பளம் பக்கத்தில் இருப்பதால் அங்கிருந்து நேராக வரும் கல்லுப்பைச் சமையலுக்கு வைப்பவர்களும் உண்டு. தைராய்டு சரியாகச் சுரக்கத் தேவையான அயோடின் அதில் சேர்த்திருக்காது. இதற்கு நேரெதிரான தவறு, தைராய்டுக்கு நல்லது என்று கடற்பாசிப் பொடி குடிப்பது. பாசிக்குப் பாசி அயோடின் அளவு பெரிதும் மாறும். அதிகமானால் தைராய்டு இன்னும் கெடலாம். (நோன்புக் காலத்துக் கடல்பாசி இனிப்பு வேறு, அங்கே கவலை சர்க்கரைதான்.)

கருப்பட்டியும் சர்க்கரையே. கீழக்கரைத் தொதலைக் கருப்பட்டியில் கிண்டினாலும் இன்சுலினுக்கு வேலை குறையாது.

தைராய்டு சுரப்புக் குறைவுக்கு லெவோதைராக்சின் சாப்பிடுபவர்கள் மாத்திரையைக் காலைத் தேநீரோடு விழுங்குவது பரவலான பழக்கம். வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே தேநீரோ உணவோ எடுக்க வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். உணவு மாறி உடல் லேசானதாகத் தோன்றினாலும் மருந்தின் அளவை இரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர்தான் மாற்ற வேண்டும்.